மூலக்கூறு உயிரியலிலும் செல் உயிரியலிலும் பி.எச்டி.: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான நெட் தேர்வின் முடிவுகள் வெளியாகும் வாரத்தில் நான் படித்த கல்லூரியின் மாணவர்கள் சிலர் தவறாமல் அழைப்பார்கள். அவர்களுடைய பெற்றோர் அழைப்பதும் உண்டு. ஒரே ஐயத்துக்கு ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லிக் குழப்பிவிடுகிறேனோ என்ற கவலையால், அவர்கள் கேட்ட கேள்விகளை ஏறக்குறைய அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி, பதில்களை ஒருமுறை நிதானமாகத் தொகுத்திருக்கிறேன். தேர்வு விதிகளும் தொகைகளும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. மாலிக்யுலர் பயாலஜி, செல் பயாலஜி, பயோடெக்னாலஜி: இதில் எதில் பி.எச்டி. செய்தால் நல்லது?

ஒரு புரதம் செல்லின் உட்கருவுக்குள் எப்படி நுழைகிறது என்ற கேள்வியை ஒரு பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறையிலும், இன்னொன்றில் உயிர்வேதியியல் துறையிலும், வேறொன்றில் உயிர்த்தொழில்நுட்பத் துறையிலும் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். மூவரும் பயன்படுத்தும் நுண்ணோக்கியும், குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காட்டும் ஆன்டிபாடியும் ஒன்றுதான். ஆகவே துறையின் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு, அங்கே எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்கள் என்று பாருங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அரசுக் கல்லூரி ஆசிரியர் பணிக்குப் போகும் எண்ணம் இருந்தால், நீங்கள் படித்த பாடம் விளம்பரத்தில் கேட்கும் பாடத்துக்கு இணையானதாக ஏற்கப்பட்டிருக்கிறதா என்பதை இப்போதே விசாரித்துவிடுங்கள். நல்ல ஆய்வுகள் செய்தவர்கள்கூட இந்த இணைத்தன்மைச் சிக்கலில் மாட்டிக்கொண்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

2. எம்.எஸ்சி. முடிக்கப் போகிறேன். எந்தெந்தத் தேர்வு எழுத வேண்டும்?

முதன்மையானது சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாள். மூன்று மணி நேரத்தில் 200 மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டும். பொதுத்திறனைச் சோதிக்கும் முதல் பகுதியில் 20 கேள்விகளில் 15-க்கும், இரண்டாம் பகுதியில் 50-இல் 35-க்கும், மூன்றாம் பகுதியில் 75-இல் 25-க்கும் விடையளித்தால் போதும். தவறான விடைக்குக் கால்பங்கு மதிப்பெண் கழிக்கப்படும். மூன்றாம் பகுதிக்கு மட்டும் 100 மதிப்பெண். பரிசோதனையின் முடிவைக் காட்டி அதன் பொருளைக் கேட்பது அங்கேதான். மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாம் பகுதியோடு நின்றுவிடுகிறார்கள்.

இதைத் தவிர, உயிர்த்தொழில்நுட்பத் துறையான டி.பி.டி.யும், மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தத்தம் தேர்வுகளை நடத்திவந்திருக்கின்றன. பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வின் மதிப்பெண்ணை ஐ.ஐ.டி.கள் முதலிய பல நிறுவனங்கள் ஏற்கின்றன. பெங்களூருவிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்.சி.பி.எஸ்ஸில் சேர ஜே.ஜி.ஈ.ஈ.பில்ஸ் என்ற நுழைவுத் தேர்வு உண்டு. பி.எஸ்சி. முடித்தவர்கள் ஒருங்கிணைந்த பி.எச்டி. படிப்புகளையும் பார்க்கலாம்.

3. ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை. அவ்வளவுதானா?

இல்லை. 2024 முதல் நெட் தேர்வில் மூன்று நிலைகளில் தேர்ச்சி தரப்படுகிறது: ஜே.ஆர்.எஃப்.; உதவித்தொகை இல்லாமல் உதவிப் பேராசிரியர் தகுதியும் பி.எச்டி. சேர்க்கையும்; பி.எச்டி. சேர்க்கை மட்டும். பின்னிரண்டு நிலைகளில் தேறியவர்களுக்குச் சேர்க்கையின்போது நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் மதிப்பு உண்டு. அந்த மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். தேறினேன் என்ற நிம்மதியில் அந்த ஓராண்டைக் கடத்திவிடாதீர்கள்.

இன்னொரு வழி, ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் பணியாளராகச் சேர்வது. இதையும் பேச்சுவழக்கில் ஜே.ஆர்.எஃப். என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. தேர்வெழுதிப் பெற்ற ஜே.ஆர்.எஃப். உங்கள் பெயருக்கு உரியது. திட்டப் பணியின் சம்பளமோ திட்டத்தோடு முடிந்துவிடும். சேரும்போதே, திட்டம் எந்த மாதத்தில் முடிகிறது, பி.எச்டி. பதிவுக்கு இடம் இருக்கிறதா என்ற இரண்டையும் கேட்டுவிட வேண்டும்.

4. மாதம் எவ்வளவு வரும்? வீட்டுக்கும் அனுப்ப முடியுமா?

கூச்சத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. கூச்சப்பட வேண்டியதே இல்லை. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டுகளுக்குப் பின் மதிப்பீட்டில் தேறி எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை ஆய்வாளர் ஆனால் 42,000 ரூபாய். விடுதி கிடைக்காவிட்டால் நகரத்தைப் பொறுத்து வீட்டு வாடகைப்படியும் உண்டு. ஆனால் தொகை மாதந்தோறும் முதல் தேதியில் வந்துவிடும் என்று எண்ணி வீட்டுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். சான்றிதழ்களும் கையொப்பங்களும் அலுவலகம் அலுவலகமாக நகர்ந்து, சில மாதத் தொகை சேர்ந்தாற்போல வருவது வழக்கம். மூன்று மாதச் செலவுக்கான பணம் கையில் இருந்தால்தான் தூக்கம் வரும்.

யாரும் எடுத்துச் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. உதவித்தொகை மொத்தம் ஐந்து ஆண்டுகளுக்கே கிடைக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளோ பி.எச்டி.யை முடிக்க ஆறு ஆண்டுகள் வரை அனுமதிக்கின்றன. செல் உயிரியலில் ஐந்தாண்டுக்குள் முடிக்காதவர்கள் ஏராளம். அந்த இடைவெளியில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை, நீங்கள் சேரப்போகும் ஆய்வகத்தின் மூத்த மாணவர்களிடம் கேட்டுவையுங்கள்.

5. எங்கள் கல்லூரியில் ஒரு பிப்பெட்டை எட்டுப் பேர் சேர்ந்து பயன்படுத்தினோம். நான் அங்கே போய்த் தாக்குப்பிடிப்பேனா?

பிடிப்பீர்கள். பிப்பெட் பிடிக்கவும், டி.என்.ஏ.வை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஓட்டவும், டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். செய்யவும் சில வாரங்களில் பழகிவிடலாம். செல் வளர்ப்பில் கை படிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். புதிதாக வருபவர்கள் உண்மையில் தடுமாறுவது எளிய கணக்கில்தான். 10 மில்லிமோலார் கரைசல் ஒன்று கையில் இருக்கிறது. 2 மில்லிலிட்டர் ஊடகத்தில் அது 50 மைக்ரோமோலார் செறிவில் இருக்க வேண்டும். எவ்வளவு சேர்க்க வேண்டும்? விடை 10 மைக்ரோலிட்டர். இதைத் தாளில்லாமல் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டால், வசதியான கல்லூரிகளிலிருந்து வந்தவர்களுக்கு நீங்கள் எவ்விதத்திலும் பின்தங்கியவர் அல்லர்.

6. நான் இயற்பியல் படித்தவன். உயிரியல் ஆய்வுக்கு வர முடியுமா?

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976-இல் அமெரிக்காவின் ஒகாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டம் கையில் இருக்கும்போதே சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். பின்னாளில், செல்லில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் கட்டமைப்பை ஆராய்ந்து 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருக்கும் முன்னே, இயற்பியலாளரான ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழை அமைப்பை 1950-களில் முன்வைத்தார். புரதக் கட்டமைப்பைச் சரிபார்க்க அவர் பெயரால் வழங்கும் வரைபடம் இன்றும் பயன்படுகிறது.

எனவே வரலாம். ஆனால் கணிதம் தெரியும் என்ற துணிச்சலில் உயிரியலை ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் பெரும்பாலும் முதலாண்டுக் கருத்தரங்கிலேயே திணறுகிறார்கள். செல் உயிரியலின் அடிப்படைப் பாடநூல் ஒன்றை ஓராண்டுக்குப் பொறுமையாகப் படியுங்கள்.

7. நெறியாளரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான். ஆனால் சேர்ந்த பிறகுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். சில நிறுவனங்களில் முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் வேலை செய்து பார்த்தபின் முடிவு செய்யும் முறை உண்டு. உங்கள் நிறுவனத்தில் அது இருந்தால், அதை வெறும் சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லாவிட்டால், சேருமுன் ஒரு நாள் நேரில் போய் அங்கிருக்கும் மாணவர்களோடு, நெறியாளர் இல்லாத இடத்தில், ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

அவர்களிடம் கேட்க வேண்டியவை எளியவை. கடைசியாக முடித்த மூவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின? பாதியில் விட்டுப்போனவர் உண்டா, ஏன்? ஒரு ஆன்டிபாடி வாங்கச் சொன்னால் எத்தனை மாதத்தில் வருகிறது? கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்பது எப்போது முடிவாகிறது? எதிர்பார்த்ததற்கு மாறான முடிவைக் கொண்டுபோய்க் காட்டினால் அவர் என்ன சொல்கிறார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கூர்ந்து கேளுங்கள். "கன்ட்ரோல் என்ன போட்டாய்?" என்று, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க எந்த மாதிரியைச் சேர்த்து வைத்தாய் என்று கேட்கும் நெறியாளரிடம் தயங்காமல் சேரலாம். "மறுபடி செய், சரியாக வரும்வரை செய்" என்று மட்டும் சொல்பவரிடம், எது சரி என்பது பரிசோதனைக்கு முன்பே முடிவாகிவிட்டிருக்கிறது.

மானியக் குழு விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். இடம் காலியாக இருக்கிறது என்பது மட்டும் சேர்வதற்குப் போதிய காரணம் ஆகாது.

8. ஐதராபாத், பெங்களூரு போகணுமா, மதுரையிலேயே செய்யலாமா?

ஐதராபாத்திலுள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி., பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகம், என்.சி.பி.எஸ். போன்ற இடங்களில் கருவிகள் பொதுவசதியாக இருக்கும். அவற்றை இயக்கத் தனியே ஆட்கள் இருப்பார்கள். பக்கத்து ஆய்வகத்தில் கேட்டால் தீர்ந்துபோன வினைப்பொருள் கடனாகக் கிடைக்கும். அந்தக் கடன் வசதி எத்தனை மாதங்களை மிச்சப்படுத்துகிறது என்பது தனியாக நின்று வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். இன்னொரு பக்கம், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலமும் சென்னை ஐ.ஐ.டி.யின் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் இந்தத் துறையில் நெடுநாளாகப் பெயர் பெற்றவை.

முந்தைய கேள்வியில் சொன்ன விசாரணையில் தேறிய ஒரு நெறியாளர் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இருந்தால், அந்த விசாரணையில் தேறாத பெரிய நிறுவன ஆய்வகத்தைவிட அவரையே நான் தேர்ந்தெடுப்பேன். இருவரும் தேறினால் கருவிகள் உள்ள இடத்துக்குப் போங்கள்.

9. முதல் வருஷம் என்னதான் செய்வோம்?

குறைந்தது 12 கிரெடிட் பாடங்களைப் படிப்பீர்கள். அவற்றில் ஆய்வு நெறிமுறை பற்றிய பாடமும் அடங்கும். உயிரியல் பாதுகாப்புப் பயிற்சி பெறுவீர்கள். ஆய்வை மேற்பார்க்கும் குழுவின்முன் உங்கள் திட்டத்தை விளக்குவீர்கள். மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாள நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவும், எலிகளைப் பயன்படுத்த விலங்கு நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை என்பதால் விண்ணப்பத்தை முதலாண்டிலேயே எழுதத் தொடங்குங்கள்.

குறிப்பேட்டைப் பற்றி ஒரு சொல். தேதி, பயன்படுத்திய பொருளின் தொகுதி எண், செல்களை எத்தனையாவது முறை பிரித்து வளர்த்தது, அன்று நேர்ந்த பிழை ஆகிய அனைத்தையும் அன்றைக்கே எழுதுங்கள். ஆய்வேடு எழுதும்போது நான்காண்டுக்கு முந்தைய உங்களிடம் போய் நீங்கள் விசாரிக்க முடியாது.

10. ஆறு மாசமாக ஒரு பரிசோதனையும் சரியாக வரவில்லை. எனக்குத்தான் திறமை இல்லையோ?

திறமையைச் சந்தேகிக்குமுன் செல்களைச் சந்தேகியுங்கள். என் இரண்டாம் ஆண்டில், ஒரு மரபணுவின் செயல்பாட்டைக் குறைத்தால் செல்கள் பெருகும் வேகம் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் குறையும், அடுத்த மாதம் மாறாது, பிறகு கூடும். ஏழு மாதங்கள் இப்படிப் போனபின், ஒரு மூத்த மாணவி செல்களின் டி.என்.ஏ.வை ஒளிரும் சாயத்தால் நிறமேற்றிப் பார்க்கச் சொன்னார். உட்கருவுக்கு வெளியே, செல் முழுவதும் பொடி தூவினாற்போலப் புள்ளிகள். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா என் செல்களோடு குடியிருந்திருக்கிறது. அதற்குச் செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் அதை ஒன்றும் செய்வதில்லை, ஊடகம் கலங்குவதுமில்லை, சாதாரண நுண்ணோக்கியில் தெரிவதுமில்லை. ஏழு மாதத் தரவையும் ஒதுக்கிவைத்தேன். புதிய செல்கள் வந்த அன்றே சோதித்திருந்தால் ஒரு பிற்பகலில் தெரிந்திருக்கும். சோதிக்காதது என் தவறுதான்.

வேறு செல்களே கலந்துவிடுவதும் உண்டு. 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற நோயாளியின் புற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஹீலா செல்கள் மிக வேகமாகப் பெருகக்கூடியவை. வெவ்வேறு திசுக்களைச் சேர்ந்தவை என்று ஆய்வகங்கள் நம்பிவந்த 18 செல் வகைகள் உண்மையில் ஹீலாவே என்று ஸ்டான்லி கார்ட்லர் 1966-இல் அறிவித்தார். இன்று செல்லின் அடையாளத்தை டி.என்.ஏ. சோதனையால் உறுதிசெய்யலாம், பல ஆய்விதழ்கள் அதைக் கேட்கவும் செய்கின்றன.

செல்கள் சுத்தமாக இருந்தும் முடிவு வரவில்லையென்றால், கட்டாயம் வேலை செய்தாக வேண்டிய ஒரு மாதிரியையும், எதுவும் தெரியக்கூடாத ஒரு மாதிரியையும் ஒவ்வொரு முறையும் சேர்த்து ஓட்டுங்கள். முதலாவது வரவில்லையென்றால் செய்முறையில் கோளாறு. இரண்டாவதில் ஏதேனும் தெரிந்தால் எங்கோ கலப்பு. இரண்டும் சரியாக இருந்து உங்கள் மாதிரியில் மட்டும் ஒன்றும் இல்லையென்றால், நீங்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதே ஆய்வின் முடிவாக இருக்கலாம். அதைத் தோல்வி என்று எழுதிவைக்காதீர்கள்.

11. மூன்று முறை செய்தால் போதும் என்கிறார்கள். அப்படியா?

எந்த மூன்று என்பதைப் பொறுத்தது. ஒரே நாள் அரைத்த மாவில் மூன்று இட்லி வார்த்துப் பார்த்தால் உங்கள் கை சீராக இருக்கிறதா என்று தெரியும்; அரிசி, உளுந்து அளவு சரியா என்று தெரிய வேண்டுமானால் மூன்று தனித்தனி நாள்களில் அரைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தட்டிலிருந்த செல்களை மூன்றாகப் பிரித்து அளந்தால் அது ஒரே பரிசோதனையின் மூன்று அளவீடுதான். ஒரு தட்டில் 300 செல்களை எண்ணினாலும் அது 300 பரிசோதனை ஆகிவிடாது. வெவ்வேறு நாளில் வளர்த்த செல்கள், வெவ்வேறு எலிகள் ஆகியவையே கணக்கில் சேரும்.

தனித்தனி மூன்று என்பதும் எல்லாவற்றுக்கும் போதாது. வேறுபாடு சிறியதாகவும் மாதிரிக்கு மாதிரி ஏற்ற இறக்கம் பெரியதாகவும் இருந்தால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். இதைப் பரிசோதனைக்கு முன்பே புள்ளியியல் தெரிந்தவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு, விரும்பிய விடை வரும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவது தவறு.

12. வெஸ்டர்ன் பிளாட் படத்தைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டால் என்ன?

வெஸ்டர்ன் பிளாட் என்பது ஒரு மாதிரியில் குறிப்பிட்ட புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை ஆன்டிபாடியால் பட்டைகளாகக் காட்டும் சோதனை. படம் முழுவதற்கும் ஒரே அளவாக ஒளிர்வைக் கூட்டலாம். பட்டைகள் மறையாத அளவுக்கு. ஒரு பட்டையை மட்டும் அழுத்தமாக்குவது, கறையை அழிப்பது, வேறு ஜெல்லின் பட்டையைக் கோடிட்டுக் காட்டாமல் ஒட்டுவது ஆகியவை மோசடி. எலிசபெத் பிக்கும் அவருடைய இணை ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 20,621 கட்டுரைகளின் படங்களைப் பார்த்து, 3.8 விழுக்காட்டில் சிக்கலான படங்கள் இருப்பதைக் கண்டார்கள். இப்போது அந்த வேலைக்கு மென்பொருள்களும் வந்துவிட்டன.

கருவி தந்த மூலக்கோப்பை மாற்றாமல் தனியே வைத்திருங்கள். படத்தைச் "சீராக்க" யாரேனும் சொன்னால், மூலக்கோப்பையும் ஆய்விதழுக்கு அனுப்பலாமா என்று பணிவாகக் கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

13. பேப்பர் போட்டால்தான் பட்டம் தருவார்களா?

2022-ஆம் ஆண்டு விதிகளில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் நிறுவனங்கள் தமக்கெனக் கூடுதல் நிபந்தனை வைத்திருக்கலாம். உங்கள் நிறுவனத்தின் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நல்ல ஆய்விதழ்களைப் பட்டியலிட்டுவந்த யு.ஜி.சி.-கேர் முறையும் 2025-இல் கைவிடப்பட்டதால், காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களை இனங்காணும் பொறுப்பு உங்களுடையது. உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் ஐந்து பேர் அந்த இதழில் எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது எளிய சோதனை. பிறருடைய மதிப்பீட்டுக்கு முன்பே கட்டுரையை இலவசமாகப் பதிவேற்றும் பயோ-ஆர்க்கைவ் தளம் 2013 முதல் இருக்கிறது.

14. வெளிநாடு போகலாமா?

அமெரிக்காவில் முதுகலை இல்லாமலும் சேரலாம். பொதுவாக ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகும். முதலாண்டில் பல ஆய்வகங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கல்விக் கட்டணத்தை நிறுவனமே ஏற்று, உதவித்தொகையும் தருவது உயிரியலில் வழக்கம். ஜெர்மனியில் பெரும்பாலும் முதுகலை வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகளும் ஹைடல்பெர்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகமான ஈ.எம்.பி.எல்லும் எல்லா நாட்டவரையும் எடுக்கின்றன. சொந்தப் பணத்தில் பி.எச்டி. செய்யச் சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள்.

15. பி.எச்டி. நடுவில் திருமணம், குழந்தை என்றால் பதிவு என்ன ஆகும்?

பதிவு போகாது. பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள்கள் வரை உண்டு. முடிக்கும் காலத்திலும் கூடுதலாக இரண்டாண்டுச் சலுகை உண்டு. கருவுற்றிருப்பது தெரிந்தவுடன் பாதுகாப்பு அலுவலரிடமாவது சொல்லிவிடுங்கள். திரவ அக்ரிலமைடு, ஃபார்மால்டிஹைடு, கதிரியக்கப் பொருள் போன்றவற்றோடு செய்யும் வேலையை இன்னொருவர் ஏற்க வேண்டும். இதைச் சலுகையாக நினைத்துத் தயங்க வேண்டாம். ஆய்வகப் பாதுகாப்பு விதி அது.

16. நெறியாளரோடு ஒத்துப்போகவில்லை. விட்டுவிடட்டுமா?

முதலில் எது ஒத்துப்போகவில்லை என்று பிரித்துப் பாருங்கள். வாரக் கூட்டத்தில் கடுமையாகக் கேள்வி கேட்கிறார் என்றால் அது பயிற்சியின் ஒரு பகுதி. தரவை மாற்றச் சொல்கிறார், இழிவாகப் பேசுகிறார், வீட்டு வேலை வாங்குகிறார் என்றால் அது வேறு. நடந்தவற்றைத் தேதியோடு எழுதிவைத்து, ஒன்பதாம் கேள்வியில் சொன்ன மேற்பார்வைக் குழுவின் உறுப்பினர் ஒருவரிடம் பேசுங்கள். நெறியாளரை மாற்றிக்கொள்ள வழி உண்டு. முதல் இரண்டாண்டுகளில் அது எளிது, பிறகு ஆய்வுத் தலைப்பே மாற நேரும். ஆய்வே பிடிக்கவில்லையென்றால் விடுவதில் அவமானம் ஒன்றுமில்லை. ஐந்தாம் ஆண்டில் விட்டவர்களைவிட இரண்டாம் ஆண்டில் விட்டவர்கள் நன்றாக இருப்பதையே நான் பார்த்திருக்கிறேன்.

17. நான் செய்துகொண்டிருந்ததையே வேறொரு குழு வெளியிட்டுவிட்டது. நான்கு வருஷம் வீணா?

அந்தக் கட்டுரையை அன்றே படிக்காதீர்கள், மறுநாள் படியுங்கள். அவர்கள் எந்தச் செல்லில் செய்தார்கள், எந்தக் கன்ட்ரோலை விட்டுவிட்டார்கள், உங்களிடம் இருக்கும் எந்தத் தரவு அவர்களிடம் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் முற்றிலும் ஒன்றாக இருப்பது அரிது. இருந்தாலும்கூட, ஒருவரையொருவர் அறியாத இரு குழுக்கள் ஒரே விடைக்கு வந்திருப்பது அந்த விடைக்கு வலுச் சேர்க்கிறது. பி.எல்.ஓ.எஸ். பயாலஜி இதழ், முதல் கட்டுரை வெளியான ஆறு மாதங்களுக்குள் வரும் இத்தகைய இரண்டாம் கட்டுரைகளை ஏற்பதாக 2018-இல் அறிவித்தது. ஆகவே பதின்மூன்றாம் கேள்வியில் சொன்ன பயோ-ஆர்க்கைவ் தளத்தில் உங்கள் கட்டுரையை அந்த வாரமே பதிவேற்றிவிட்டு, நெறியாளரோடு உட்கார்ந்து அனுப்பவேண்டிய இதழை முடிவு செய்யுங்கள். ஆய்வேட்டுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. அதில் அந்தக் குழுவின் கட்டுரையை மேற்கோள் காட்டி, உங்கள் முடிவோடு ஒப்பிட்டு ஒரு பகுதி எழுத வேண்டியிருக்கும். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும்.